பாசிட்ரான்: கணக்கைப் பார்க்காமல் செய்கிற தவறுகள்

எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான் பற்றிக் கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: எலக்ட்ரானைத் தொட்டதும் இரண்டும் மறையும், ஆற்றல் வெளிவரும். இதில் பொய் இல்லை. ஆனால் மின்னூட்டம், ஆற்றல், உந்தம் என்ற மூன்று கணக்கில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் எழுதிய வரி இது. சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகள் எல்லாமே இந்த மூன்றில் ஏதோ ஒன்றை விட்டதால் வருபவைதான்.

முதலில் மிகச் சாதாரணமான ஒன்று. நேர் மின்னூட்டம் என்றவுடன் புரோட்டான் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. புரோட்டான் எலக்ட்ரானைப் போல 1836 மடங்கு கனம். பாசிட்ரானோ எலக்ட்ரானின் அதே நிறை, அதே சுழற்சி, மின்னூட்டத்தின் குறி மட்டும் எதிர். நிறையும் நேர் நிறைதான். எதிர்த்துகள் என்பதால் நிறை எதிர்மறை, மேல்நோக்கி விழும் என்றெல்லாம் சிலர் எழுதுகிறார்கள். ஹைட்ரஜனின் எதிர்ப்பொருளை (எதிர்த்துகள்களால் ஆன ஹைட்ரஜனை) காந்தப் பொறியிலிருந்து விடுவித்துப் பார்த்தபோது அதுவும் கீழ்நோக்கித்தான் விழுகிறது என்று ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் 2023-இல் அறிவித்துவிட்டது.

அடுத்து, எலக்ட்ரானும் பாசிட்ரானும் சேர்ந்து ஒரு ஃபோட்டானாக, அதாவது ஒளித்துகளாக, மாறும் என்று எழுதுவது. எல்லாவற்றையும் விட அதிகமாக வருவது இதுதான், மதிப்பெண் போவதும் இதில்தான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். இரண்டு துகள்களும் கிட்டத்தட்ட ஓய்வில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்த உந்தம் பூஜ்யம். ஃபோட்டான் ஓய்வில் இருக்கவே முடியாது, அதற்கு எப்போதும் உந்தம் உண்டு, அப்படியானால் ஒரே ஒரு ஃபோட்டான் கிளம்பினால் பூஜ்யமாக இருந்த உந்தம் எங்கிருந்தோ முளைத்ததாக ஆகிவிடும். அதனால் குறைந்தது இரண்டு வேண்டும், அவை எதிரெதிர்த் திசையில் போக வேண்டும், உந்தம் சமமாக இருக்க வேண்டும், எனவே ஆற்றலும் சமம். எலக்ட்ரானின் நிறைக்கு ஈடான ஆற்றல் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு, இனி கேஇவி என்கிறேன், வகுப்பில் அப்படித்தான் சொல்கிறோம்). இரண்டுக்கும் சேர்த்து 1022, ஃபோட்டான் ஒன்றுக்கு 511. ஒவ்வொன்றுக்கும் 1022 என்று போடுகிறவர்கள் இல்லாத ஆற்றலைப் படைக்கிறார்கள்.

சரி, எப்போதும் இரண்டுதானா? இல்லை. பாசிட்ரான் நன்றாக வேகம் குறைந்த பிறகு சில சமயம் எலக்ட்ரானோடு ஜோடி சேர்ந்து, அணுக்கரு இல்லாத ஓர் அணு போலச் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குப் பாசிட்ரோனியம் என்று பெயர், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக இயற்பியலாளர் மார்ட்டின் டாய்ச் 1951-இல் சோதனையில் கண்டுபிடித்தார். இரண்டின் சுழற்சியும் எதிரெதிராக இருந்தால் சுமார் 0.125 நானோ வினாடியில் இரண்டு ஃபோட்டான்களாகிவிடும். ஒரே பக்கமாக இருந்தால் இரண்டாகப் பிரிய விதி இடம் தராது, மூன்று ஃபோட்டான்கள் வேண்டும், வெற்றிடத்தில் அதற்குச் சராசரியாக 142 நானோ வினாடி ஆகிறது. ஆயிரம் மடங்குக்கும் மேல் வித்தியாசம்! பொருளுக்குள் அவ்வளவு நேரம் கிடைக்காது, பக்கத்திலுள்ள வேறோர் எலக்ட்ரானோடு முன்னதாகவே முடிந்துவிடும். எவ்வளவு முன்னதாக என்பது அந்தப் பொருளில் நுண்ணிய வெற்றிடங்கள் எவ்வளவு பெரியவை என்பதைப் பொறுத்தது, அதனால் பிளாஸ்டிக் போன்றவற்றின் உள் இடைவெளிகளை அளக்கவே இந்த நேரத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே ‘தொட்டதும் உடனே’ என்ற வார்த்தையைக் கவனமாகப் போடுங்கள்.

இன்னொரு பெரிய குழப்பம் 1022 என்ற எண் இரண்டு இடத்தில் வருவது. ஒன்று இணை உருவாக்கம்: ஒரு காமா ஃபோட்டான் (அதிக ஆற்றல் கொண்ட ஃபோட்டான்) எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடியாக மாறக் குறைந்தது 1022 கேஇவி வேண்டும். கதிரியக்கச் சீசியம் 137-இலிருந்து வரும் 662 கேஇவி காமாவால் இது நடக்கவே நடக்காது. ஆற்றல் போதுமென்றாலும் வெறும் வெற்றிடத்தில் நடக்காது, உந்தத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஓர் அணுக்கரு இருக்க வேண்டும். படம் வரையும்போது அந்த அணுக்கருவை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது இடம் பீட்டா பிளஸ் சிதைவு. புரோட்டான் நியூட்ரானாக மாறி, பாசிட்ரானும் நியூட்ரினோ என்ற மின்னூட்டமில்லா நுண்துகளும் வெளியேறும் என்று எழுதிவிட்டு, தனியாக நிற்கும் புரோட்டானுக்கும் இது பொருந்தும் என நினைத்துவிடுகிறார்கள். நியூட்ரான் புரோட்டானைவிட 1293 கேஇவி அளவுக்குக் கனம் கூடியது, அந்தக் கூடுதல் அணுக்கருவின் பிணைப்பாற்றலிலிருந்து வர வேண்டும், தனிப் புரோட்டானுக்கு அது கிடையாது. அப்புறம் நிறைக் கணக்கு. அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் அணு நிறை, அதாவது எலக்ட்ரான்களையும் சேர்த்தது. சேய் அணுவுக்கு (சிதைவுக்குப் பின் உருவாகும் அணுவுக்கு) ஓர் எலக்ட்ரான் குறைவாகப் போதும், அந்த உபரி எலக்ட்ரான் ஒன்று, வெளியேறும் பாசிட்ரான் ஒன்று, ஆக இரண்டு எலக்ட்ரான் நிறையைக் கழிக்க வேண்டும். ஃப்ளோரின் 18-ஐ எடுத்துப் போட்டுப் பாருங்கள்: அது ஆக்சிஜன் 18 ஆகும்போது அணு நிறை வித்தியாசம் 1656 கேஇவி, 1022 போனால் 634, பாசிட்ரானுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச இயக்க ஆற்றலும் அதுவேதான். நியூட்ரினோவும் பங்கு கேட்பதால் சராசரி 250 பக்கம்தான் வரும். வித்தியாசம் 1022-க்குக் கீழே இருந்தால் பாசிட்ரான் வரவே வராது. பெரிலியம் 7-க்கு 862தான், அது எலக்ட்ரானைப் பிடித்து மட்டுமே மாறும். இந்தக் கணக்கை ஒரு முறை கையால் போட்டுவிட்டால் எந்த வினாவும் பயமுறுத்தாது.

இனி வகுப்புக்கு வெளியே. எங்கள் உறவினர் ஒருவருக்குப் பெட் ஸ்கேன் (உடம்புக்குள் பாசிட்ரான்கள் முடியும் இடங்களைப் படமாக்கும் பரிசோதனை) எழுதிக் கொடுத்தார்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் என் அத்தை, “எதிர்ப்பொருளை உடம்புக்குள்ள ஏத்துறாங்களாமே, வெடிக்காதாப்பா?” என்று கேட்டார். நல்ல கேள்வி, கணக்குப் போட்டே பதில் சொன்னேன். ஊசியில் இருப்பது எதிர்ப்பொருள் இல்லை, ஃப்ளோரின் 18 ஒட்டிய ஒரு வகைச் சர்க்கரை. பாசிட்ரான்கள் உடம்புக்குள் ஒவ்வொன்றாகப் பிறக்கின்றன. 370 மெகா பெக்கரல் (வினாடிக்கு 37 கோடி அணுக்கள் சிதையும் அளவு) ஏற்றினால், கடைசி அணு சிதையும்வரை பிறக்கும் எல்லாப் பாசிட்ரான்களும் எலக்ட்ரான்களோடு சேர்ந்து தரும் ஆற்றல் மொத்தமாக அரை ஜூல் அளவைச் சற்றுத் தாண்டும், 100 கிராம் பொட்டலத்தைத் தரையிலிருந்து அரை மீட்டர் தூக்கி வைக்கும் ஆற்றல்தான். ஆனால் இதைக் கேட்டுவிட்டு அப்படியானால் கதிர்வீச்சே இல்லை என்று எடுத்துக்கொள்வதும் தவறு. கதிர்வீச்சின் பாதிப்பை இப்படி மொத்த ஜூல் கணக்கை வைத்து எடை போடக் கூடாது. அந்த அளவு ஊசிக்கு உடம்பு வாங்கும் கதிர் ஏறத்தாழ 7 மில்லி சீவர்ட் (உடம்புக்கு நேரும் கதிர் பாதிப்பை அளக்கும் அலகு), நோயைக் கண்டறிய அது தேவை என்று மருத்துவர் முடிவு செய்து தருவது.

ஃப்ளோரின் 18-இன் அரை ஆயுள் (அணுக்களில் பாதி சிதைய ஆகும் நேரம்) 110 நிமிடம் என்பதைப் பாசிட்ரானின் ஆயுளாக எழுதுவதையும் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 110 நிமிடம் அணுக்கருவுக்குரியது. பாசிட்ரான் தானாகச் சிதைவதே இல்லை, எலக்ட்ரான் எதிர்ப்படாத வெற்றிடத்தில் வைத்தால் அப்படியே இருக்கும். உடம்புக்குள் எங்கு பார்த்தாலும் எலக்ட்ரான் என்பதால்தான் நானோ வினாடிக் கணக்கில் முடிந்துபோகிறது. அதற்குள் அது பிறந்த இடத்திலிருந்து சராசரியாக அரை மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும், ஆகவே ஸ்கேனர் காட்டுவது பாசிட்ரான் பிறந்த இடத்தை அல்ல, முடிந்த இடத்தை. எதிர்ப்பட்ட எலக்ட்ரானும் சும்மா நிற்பதில்லை, அதன் அசைவால் இரண்டு ஃபோட்டான்களும் சரியாக 180 பாகையில் போகாமல் கால் பாகை அளவு விலகும். மருத்துவமனை எவ்வளவு நல்ல இயந்திரம் வாங்கினாலும் படத்தின் கூர்மைக்கு ஓர் எல்லை இருப்பதற்கு இந்த இரண்டும் காரணம்.

ஸ்கேன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைத் தொடலாமா என்றும் அத்தை கேட்டார். பாசிட்ரான் உடம்பை விட்டு அநேகமாக வெளியே வருவதில்லை, வெளியே வருவது அந்த 511 கேஇவி காமா. அதுவும் ஐந்தாறு மணி நேரத்தில் ஊசி போட்டபோது இருந்ததில் எட்டில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும், சிறுநீர் வழியே போவது தனி. அதனால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் நெருங்கி உட்காருவதை மருத்துவமனை எத்தனை மணி நேரம் தவிர்க்கச் சொன்னதோ அத்தனை மணி நேரம் தவிர்த்தால் சரி.