வெளியில் நிற்கும் சைக்கிளுக்கு நாம் செய்யும் கெடுதல்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் ஒழுங்கைக்குப் புதிதாக வாடகைக்கு வந்த தம்பி ஒருவர், போன மாரியில் தன் சைக்கிளைத் தார்ப்பாய்ப் படங்கால் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அதே வேலையைச் செய்து ஒரு சைக்கிளைத் தொலைத்தவன் நான். இரண்டு அறை வீட்டுக்குள் சைக்கிளை ஏற்ற இடமிருக்காது, வளவில்தான் நிற்கும். பூட்டுப் போடுங்கள், மழையில் விடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஈரத்தோடு மூடுவது

இங்கே சைக்கிளைத் தின்பது மழையை விட உப்புத்தான். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். காற்று உப்பைக் கொண்டுவந்து பூசிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். எனவே, கழுவாத இரும்பு காய்ந்ததுபோலத் தெரியும், காய்ந்திருக்காது. அதன்மேல் காற்றுப் புகாத படங்கு. பகல் வெயிலில் உள்ளே ஆவி எழும். இரவில் அது படங்கின் உட்பக்கம் முத்து முத்தாகக் கோத்து, திரும்பவும் சைக்கிளின்மேலேயே சொட்டும். பிட்டுக் குழல் தோற்றுப்போகும்.

மூன்று மாரி இப்படித்தான் கட்டினேன். மூன்றாவது முறை தைப்பொங்கலுக்கு முதல் நாள் அவிழ்த்தபோது செயின் கட்டையாக நின்றது. ரிம்மின் பூச்சு பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. அவற்றை மாற்றிவிடலாம். சீற்றைக் கழற்றிக் கவிழ்த்தபோதுதான் குழாய்க்குள்ளிருந்து சாயத் தேநீர் நிறத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் கொட்டியது. மழைக்குள் ஓடிய நாட்களில் சீற் கம்பி இறங்கும் வாயால் புகுந்த நீர், பெடல் அச்சு ஓடும் இடத்தில் தேங்கி உள்ளிருந்தே அரித்திருக்கிறது. வெளியே வர்ணம் பளபளவென்று இருந்தது. ஒட்டு வைக்கலாமா என்று கேட்டேன். கடைக்காரர் பதில் சொல்லாமல் ஸ்குரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினார். முனை உள்ளே போய்விட்டது. மெனக்கெட்டுக் காசு கொடுத்துப் படங்கு வாங்கியதும் நான்தான் என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிணறு சவராக இருந்தால் மழைநீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். துடைத்து, காய்ந்த பிறகே மூடுங்கள். படங்கு குடைபோல மேலே நிற்கட்டும். கீழே ஒரு முழமாவது திறந்திருக்கட்டும். நான்கு கம்பும் இரண்டு தகரமும் கிடைத்தால் படங்கே வேண்டாம். பழைய ரியூபில் ஒரு துண்டு வெட்டி, சீற் கம்பி இறங்கும் வாயை மூடும்படி மாட்டுங்கள். மாரிக்கு முன் ஒருமுறை கம்பியைக் கழற்றிக் கிறீஸ் பூசுங்கள். அப்போதே சைக்கிளைக் கவிழ்த்தும் பாருங்கள்.

அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னபோது, “அவிழ்ந்துவிடும் என்று பயந்து இரண்டு முடிச்சுக் கூடப் போட்டேன், அண்ணன்” என்றார். கயிற்றை அறுக்கத்தான் வேண்டியிருந்தது. நல்லவேளை, அவருக்குச் செயின் மட்டும்தான் போனது.

தேங்காய் எண்ணெய்

வீட்டில் இருக்கிறது என்பதற்காகச் செயினுக்கு விடாதீர்கள். கடற்கரை மணலோடு சேர்ந்து களியாகிவிடும். தையல் இயந்திர எண்ணெய் சில சொட்டு விட்டு, மேலே நிற்பதைத் துடைத்தெடுங்கள்.

தென்னைக்குக் கீழே

நிமிர்ந்து பாருங்கள்.

வெறும் மண்ணில் நிறுத்துவது

இரண்டு செங்கல் போதும்.

கதியாலில் பூட்டுவது

வேலிக்கு நட்ட கதியால் தடியில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மாரியில் மண் இளகினால் கதியாலைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். ஜன்னல் கம்பியிலோ, சீமெந்தில் புதைத்த இரும்பு வளையத்திலோ பூட்டுங்கள். அயல் வளவில் ஒரு சைக்கிள் இப்படித்தான் போனது. காலையில் பூவரசங் கதியால் மட்டும் வேலியோரம் கிடந்தது. வீட்டுக்காரர் அதையே எடுத்துத் திரும்ப நட்டார். இப்போது நன்றாகத் துளிர்த்து நிற்கிறது.