1946 கடற்படை மாலுமி: பென்சில் உருவப்படம் வரைவது எப்படி?

பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்து ராயல் இந்தியக் கடற்படை மாலுமி ஒருவரை வரைவோம். ஏ4 அளவில் 200 ஜிஎஸ்எம் தாள் (தடித்த தாள்), எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்கள் (பி-யின் எண் கூடக் கூடக் கருமையும் கூடும்), பிசைந்து உருட்டும் அழிப்பான் போதும். சாதா ரப்பர் தாளின் மேற்பரப்பைக் கிளறிவிடும், வேண்டாம்.

1. தொப்பியை மறந்துவிட்டு முதலில் மண்டையை வரையுங்கள். உச்சி முதல் தாடை வரை 12 செ.மீ. என்றால் கண்கள் 6 செ.மீ.-இல் வரும். தொப்பியின் மேல்விளிம்பிலிருந்து அளந்தால் கண்கள் மேலே ஏறி, நெற்றியே இல்லாமல் போகும். முகம் கோணலாவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

2. அடுத்து எழுத்துகள் பொறித்த தொப்பிப் பட்டை. நேர்க்கோடாகப் போட்டால் நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் இருக்கும். கேமரா மார்பு உயரத்தில் இருந்திருந்தால் பட்டையின் நடுப்பகுதி மேல்நோக்கி வளையும். எழுத்துகளும் அந்த வளைவிலேயே போகும். ஓரத்துக்குப் போகப் போக ஒடுங்கும். ஆகவே இரண்டு வளைகோடுகளைப் போட்டு, அவற்றுக்கிடையே எழுத்துகளை அடக்குங்கள்.

அந்த எழுத்துகளில் அவசரம் வேண்டாம். 'எச்.எம்.ஐ.எஸ்.' என்றால் பிரிட்டிஷ் மன்னரின் இந்தியக் கப்பல். இந்தியன் உழைத்த கப்பலுக்கு உரிமையாளர் யார் என்பதை அவன் நெற்றியிலேயே எழுதியிருந்தார்கள். மோசமான சாப்பாடு, குறைந்த சம்பளம், அதிகாரிகளின் இனவசை ஆகியவற்றை எதிர்த்து 1946 பிப்ரவரி 18-இல் பம்பாய் 'தல்வார்' பயிற்சித் தளத்து மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது கராச்சிக்கும் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பரவியது. 23-ஆம் தேதி சரணடைந்தார்கள். எழுத்து தெளிவாகத் தெரியாத படத்தில் இந்த வரலாறும் தெரியாது.

3. கழுத்துப்பட்டையின் மூன்று வெள்ளைக் கோடுகளைக் கடைசியில் அழித்து எடுக்க முயலாதீர்கள். சாம்பல் நிறமாகத்தான் வரும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் முதலிலேயே அழுத்திக் கீறிவிட்டு, மேலே 4பி-யைப் படுக்கவைத்துத் தேயுங்கள். பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். (அவை பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் மூன்று வெற்றிகளைக் குறிப்பவை என்பது வெறும் கதை.)

4. வெள்ளைத் தொப்பிக்குத் தாளை அப்படியே விட்டு, பின்னணியை 2பி-யால் கருக்குங்கள்.

பின்சேர்க்கை: "முகம் கரிப்பிடித்ததுபோல் வருகிறது" என்று பலர் கேட்டார்கள். கடும் வெயிலில் வெள்ளைச் சீருடைக்கு ஏற்ப ஒளியளவு வைத்தால் மாநிற முகம் இருண்டு பதிவாகும். அந்த இருட்டை நகலெடுக்காதீர்கள். மொபைலில் நிழற்பகுதியை மட்டும் வெளிச்சமாக்கிப் பாருங்கள். கண்ணிமையும் மூக்கோரமும் தெரியவரும். எச்பி-யில் தொடங்கி மெல்லிய அடுக்குகளாக 4பி வரை ஏற்றுங்கள். 6பி கண்மணிக்கும் நாசித்துளைக்கும் மட்டும். விரலால் தேய்த்தால் தோலின் எண்ணெய் தாளில் இறங்கித் திட்டுத்திட்டாகிவிடும். டிஷ்யூ காகிதமே நல்லது.