கன்சீல்டு டேங்க்: சுவரை மூடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக பிளம்பிங் வேலைக்கு வந்த பையன்கள் கன்சீல்டு டேங்க், அதாவது சுவருக்குள் மறைத்து வைக்கும் ஃப்ளஷ் டேங்க், வைப்பதைப் பார்க்கிறேன். நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகள். டெஃப்லான் டேப் சுற்றாமல் விட்டால் அன்றைக்கே ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும், அதெல்லாம் வேண்டாம். சுவருக்குள் ஒளிந்துகொள்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஃப்ளஷ் பிளேட் ஓட்டையைச் சுருக்குவது

பிளேட்டைக் கழற்றினால் தெரியும் சதுர ஓட்டை பட்டனுக்கு மட்டுமானதல்ல. உள்ளே டேங்குக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் ஆங்கிள் காக்கை மூடவும், டேங்கை நிரப்பும் ஃபில் வால்வையும் தண்ணீரைத் திறந்துவிடும் ஃப்ளஷ் வால்வையும் வெளியே எடுக்கவும் அது ஒன்றுதான் வழி. டேங்கோடு வரும் பிளாஸ்டிக் பெட்டியை அப்படியே வைத்து, டைல்ஸ் ஒட்டியபின் அதன் மட்டத்துக்கு வெட்ட வேண்டும். ஆனால் டைல்ஸ்காரர், "ஓட்டை பெருசா இருக்குண்ணே, அசிங்கமா தெரியும்" என்று பெட்டியைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, பட்டன் நுழையும் அளவுக்கு டைல்ஸை நெருக்கி ஒட்டிவிடுகிறார். பிளம்பர் அந்த நேரத்தில் வேறு சைட்டில் இருப்பார்.

திருப்பூர் பக்கம் ஒரு வீடு. போர் தண்ணீர், உப்பு அதிகம். ஃபில் வால்வு வாஷரில் உப்பு கட்டி, தண்ணீர் நிற்காமல் க்ளோசெட்டுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஓட்டைக்குள் விரல் போனது, கை போகவில்லை. ஆங்கிள் காக்கை எட்ட முடியாததால் மொட்டைமாடி கேட் வால்வையே மூடினோம். வீடு முழுக்கத் தண்ணீர் இல்லை. ஒரு சின்ன வால்வுக்காக டைல்ஸை உடைத்தோம். அந்த டிசைன் கடையில் வருவதே நின்றுபோயிருந்தது. "வைக்கும்போதே இதை யோசிக்க மாட்டீங்களா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் சுருக்கிய ஓட்டையைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

டைல்ஸ் இடுக்குகளில் க்ரவுட் போடுவதற்கு முன் இரண்டு வால்வையும் அந்த ஓட்டை வழியாகவே கழற்றித் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் அப்போதே டைல்ஸை வெட்டிவிடலாம். அதே டைல்ஸில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள்.

நாலரை இஞ்ச் சுவரைக் குடைவது

வேண்டவே வேண்டாம். டேங்கை மறைக்க முன்னால் தனிச்சுவர் எழுப்புங்கள்.

உயரம்

வெறும் தளத்திலிருந்து அளக்காதீர்கள். டைல்ஸ் ஒட்டி முடிந்த தரையிலிருந்து க்ளோசெட்டின் மேல்விளிம்பு சுமார் 400 மி.மீ. வர வேண்டும். க்ளோசெட்டைச் சுவரில் மாட்டும் போல்ட் இடைவெளி 180 மி.மீ.யா 230 மி.மீ.யா என்பதை க்ளோசெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

டெஸ்ட் பண்ணாமல் பூசுவது

டேங்கில் ஒரு ராத்திரி தண்ணீர் நிற்கட்டும், ஒழுகுகிறதா என்று பாருங்கள். பிறகு பூசலாம்.

டேங்குக்குள் குளோரின் மாத்திரை

ரப்பர் வாஷரை அரித்துவிடும். அதற்குப் பதில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபில் வால்வு ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். கசிவு இருக்குமோ என்று தோன்றினால் டேங்குக்குள் ஒரு சிட்டிகை கேசரி பவுடர் போட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். க்ளோசெட்டுக்குள் ஆரஞ்சு நிறம் இறங்கியிருந்தால், முதலில் ஃப்ளஷ் வால்வின் அடி வாஷரைப் பாருங்கள்.