சேர்வராயன் மலைமேகத்தைக் குழந்தைக்குத் தைத்தல்

அக்டோபர் மாதம் பிறந்தவுடன் மழலையர் பள்ளிகளிலிருந்தும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்தும் ‘ஹாலோவீன் மாறுவேடம்’ என்ற அறிவிப்பு வருவது சேலத்திலும் இப்போது புதிதல்ல. அனைத்துப் புனிதர்கள் பெருவிழாவான நவம்பர் 1ஆம் தேதிக்கு முந்தைய மாலையே ஹாலோவீன். அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களுடன் அமெரிக்காவுக்குச் சென்று, பேயும் பூசணிக்காயும் இனிப்பும் சேர்ந்த பிள்ளைகளின் விழாவாக அது வளர்ந்தது. நம் பக்கத்தில் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியோடு செல்லும் குடும்பங்களுக்கு அந்த நாட்களின் பொருள் வேறு. எப்படியாயினும், இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேய் வேடம் போட்டால் கண்ணாடியைப் பார்த்து அதுவே முதலில் அழும் என்பதால், அந்த ஐப்பசி மாதத்தில் நம் தலைக்கு மேலேயே இருக்கிற மழைமேகத்தை உடையாக்கிவிடுவது நல்லது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. அஸ்தம்பட்டிப் பக்கம் மொட்டைமாடியில் நின்று வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலையின் உச்சி தெரியாமல் மேகம் கவிந்திருக்கும் நாட்கள் அவை. தைக்கத் தொடங்கும் முன் அந்த மேகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்புறம் காலிஃபிளவர்போல் புடைத்துப் புடைத்து இருக்கும். அடிப்புறமோ அரிவாள்மணையில் நறுக்கியதுபோல் தட்டையாக இருக்கும். மேலெழும் ஈரக்காற்று குளிர்ந்து, ஏறத்தாழ ஒரே உயரத்தில் நீராவி துளிகளாகத் திரளத் தொடங்குவதே அந்தத் தட்டைக்குக் காரணம். மேகத்தின் தடிமன் கூடக்கூட வெளிச்சம் கீழே ஊடுருவுவது குறைவதால் அடிப்பகுதி கறுத்துக் காணப்படுகிறது. தட்டையான அடி, புடைத்த மேற்புறம், கீழே கருமை என்ற இந்த மூன்றும் அமைந்துவிட்டால், எவரும் கேட்காமலேயே அது மழைமேகம் என்று தெரிந்துவிடும். சுற்றிலும் ஒரே மாதிரி வளைத்து வெட்டினால் ஆட்டுக்குட்டி என்றுதான் சொல்வார்கள்.

நான் முதன்முறை செய்தது தவறான முறை. வெள்ளைப் பனியன் ஒன்றின் மேல் மருந்துக்கடைப் பஞ்சைப் பசை வைத்து ஒட்டினேன்; பார்க்க அழகாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்துக்குள் குழந்தை பஞ்சைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டது. மிச்சம் வியர்வையில் நனைந்து திட்டுத்திட்டாகத் தொங்கியது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டும் எதுவும் வாய்க்குப் போகும் என்பதை வைத்துக்கொண்டே இந்த உடையின் ஒவ்வொரு பாகத்தையும் தீர்மானிக்க வேண்டும். ஒட்டுவது எதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் தைத்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்தது அதனால்தான்.

இங்கே சொல்லப்போவது சட்டை அன்று. முன்னும் பின்னும் தொங்கும் இரண்டு மேகப் பலகங்கள். தோளில் இரண்டு பட்டைகளும் பக்கவாட்டில் இரண்டு பட்டைகளும் அவற்றை இணைக்கும். கை வீசலாம், அள்ளித் தூக்கலாம், டயப்பர் மாற்றலாம். குழந்தை வேண்டாம் என்று முரண்டு பிடித்தால் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். உள்ளே போடும் உடை உங்கள் ஊரைப் பொறுத்தது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி என்ற கணக்கில் மேலே ஏறத்தாழ எட்டு டிகிரி குளிர் கூடுதல். ஆகவே, சேலத்துக் குழந்தைக்குக் கையில்லாத பருத்திப் பனியனும் சாம்பல் நிறக் காற்சட்டையும் போதும். ஏற்காட்டுக் குழந்தைக்கு அது வழக்கமாகப் போடும் ஸ்வெட்டரின் மேலேயே பலகத்தை மாட்டிவிடலாம். அப்படியானால் ஸ்வெட்டரோடு சேர்த்து அளவெடுக்க வேண்டும்.

அளவெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். குழந்தை நிற்கும்போது அளவெடுத்து இடுப்புக்குக் கீழே வரை பலகத்தை இறக்கிவிட்டால், அது உட்கார்ந்தவுடன் பலகத்தின் அடி தரையில் முட்டி, மேல்விளிம்பு தாடையை இடிக்கும். குழந்தையைத் தரையில் உட்காரவைத்து, தோளிலிருந்து தரை வரை அளந்து, அதில் இரண்டு அங்குலத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதில் இது பெரும்பாலும் பத்து அங்குலத்தை ஒட்டி வரும். அகலத்துக்குத் தோள் அளவோடு இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம் சேர்த்தால் பதின்மூன்று அங்குலம் வரும். அதற்கு மேல் போனால் கதவு நிலையில் இடிக்கும். பழைய செய்தித்தாளில் இந்த அளவுக்குச் செவ்வகம் வரைந்து, அடிக்கோட்டை நேராக விட்டுவிட்டு, மேலேயும் பக்கங்களிலும் பெரியதும் சிறியதுமாக ஐந்தாறு புடைப்புகளை வரையுங்கள். நடுவில் கழுத்துக்கு நேரே புடைப்பு வைக்காமல் ஒன்றரை அங்குலம் பள்ளம் விட வேண்டும். காகிதத்தை வெட்டிக் குழந்தையின் மேல் வைத்துப் பார்த்த பிறகே துணியில் கத்தரி வைக்க வேண்டும்.

உட்புறத்துக்கு வெள்ளை ஃபெல்ட் துணி பொருத்தம். அது விறைப்பாக நிற்கும், ஓரம் பிரியாது. வெளிப்புறத்துக்கு மெல்லிய வெள்ளை மல் துணி. இடையில் அடைப்பதற்குத் தலையணைகளில் வைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு, இரண்டு பலகங்களுக்கும் சேர்த்து நூறு கிராம் இருந்தாலே மிகுதி. வீட்டில் இலவம்பஞ்சு இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்: அது தையல் இடைவெளி வழியே பறந்து மூக்கில் ஏறும், தீயும் சட்டென்று பற்றும். கடைவீதியில் தையல் பொருட்கள் விற்கும் கடைகளில் ஃபெல்ட், நெட், சாட்டின் ரிப்பன், வெல்க்ரோ ஆகியவை அரை மீட்டர், கால் மீட்டர் கணக்கிலும் கிடைக்கும். வானவில்லுக்கான வண்ணத்துணியை மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ரவிக்கை தைக்கும் தையல்காரரிடம் கேட்டால் வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பை நிறையத் தருவார்.

ஃபெல்டை வரைபடத்தின் அளவிலேயே வெட்டி, மல் துணியைச் சுற்றிலும் ஓர் அங்குலம் பெரிதாக வெட்டுங்கள். அந்தக் கூடுதல் துணிதான் புடைப்புக்கு இடம் தரும். இரண்டையும் சேர்த்து வைத்து, மல் துணியின் ஓரத்தை மடித்துச் சிறு சுருக்கங்களோடு ஃபெல்டின் விளிம்பில் தைத்து வாருங்கள். அடிப்பக்கத்தை மட்டும் திறந்து விட வேண்டும். பிறகு மேற்புறத்தில் பென்சிலால் அரைவட்டக் கோடுகள் இட்டு அவற்றின்மேல் ஓடுதையல் போட்டால் பலகம் ஐந்தாறு அறைகளாகப் பிரியும். ஒவ்வோர் அறையின் கீழ்வாயையும் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு விட்டு, பஞ்சைச் சிறு சிறு உருண்டைகளாகத் தள்ள வேண்டும். மேல் அறைகளில் தாராளமாகவும், அடியை நெருங்க நெருங்கக் குறைவாகவும் வைத்தால், நிஜ மேகத்தின் காலிஃபிளவர் வடிவம் தானாக வந்துவிடும். கடைசியில் அறைவாய்களை மூடி, அடி விளிம்பை இரட்டை நூலில் கெட்டித் தையலாகப் போட்டுவிடுங்கள்.

கருமைக்குச் சாயமோ பெயிண்டோ தேவையில்லை. இரண்டுமே குழந்தையின் எச்சில் பட்டால் வெளியேறக்கூடியவை. சாம்பல் நிற நெட் துணியில் அடியிலிருந்து நான்கு அங்குல உயரத்துக்கு ஒரு பட்டையும், அதன்மேலேயே மறுபடி அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்துக்கு இன்னொரு பட்டையும் வைத்துத் தையுங்கள். ஒரு படலம் இருக்குமிடத்தில் வெளிர் சாம்பலும், இரண்டு படலங்கள் சேருமிடத்தில் அடர் சாம்பலுமாக, மாலையில் இடிக்கப்போகும் மேகத்தின் அடிவயிறு அப்படியே தெரியும். இந்த ஒரு வேலைக்குக் கூடுதலாக அரை மணி நேரம் செலவழித்தாலும் தகும்; உடை முழுவதிலும் பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பது இங்கேதான். நெட்டின் வெட்டு விளிம்பு தோலை அறுக்கும் என்பதால் பக்க ஓரங்களை உள்ளே மடித்துவிட வேண்டும்.

மழைக்கு, முன்பலகத்தின் அடியில் ஒன்றரை அங்குல இடைவெளியில் எட்டு சாட்டின் ரிப்பன்களைத் தொங்கவிடலாம். நீளம் ஆறு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அப்போதுதான் அவை முழங்காலுக்குச் சற்று மேலேயே நின்று, நடக்கும் காலில் சிக்காமல் இருக்கும். ரிப்பன் நுனி பிரியாமலிருக்க மெழுகுவத்திச் சுடரில் ஒரு நொடி காட்டி எடுக்கும் வழக்கம் தெரிந்ததே. அதைக் குழந்தை தூங்கும்போது செய்யுங்கள். ஒவ்வொரு ரிப்பனின் முனையிலும் மூன்று அங்குல நீலத் துளி ஒன்றை ஃபெல்டில் வெட்டித் தைக்க வேண்டும். உண்மையான மழைத்துளி இப்படிக் கூர்முனையோடு இருப்பதில்லை; சிறியது உருண்டையாகவும், பெரியது கீழே அமுங்கிய பன் ரொட்டிபோலவும்தான் விழுகிறது. ஆனால் பன் ரொட்டி வடிவில் தைத்தால் யாருக்கும் புரியாது என்பதால் இந்த இடத்தில் மட்டும் அறிவியலை விட்டுக்கொடுத்தேன். மணி, முத்து, சம்கி எதுவும் வேண்டாம். தைத்து முடித்ததும் ஒவ்வொரு துளியையும் நீங்களே பலமாக இழுத்துப் பாருங்கள். உங்கள் இழுப்புக்கு வருவது குழந்தையின் பல்லுக்கும் வந்துவிடும்.

பின்பலகத்துக்கு வானவில். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போதுதான் எதிரில் வானவில் தெரியும். மேகத்தின் ஒருபுறம் மழையும் மறுபுறம் வானவில்லும் என்பது அதனால் பொருந்தாத கற்பனை அன்று. குழந்தை வரும்போது மழையாக வந்து, திரும்பிப் போகும்போது வானவில்லாகப் போகும். வளைவில் துணி சுருங்காமல் படிய வேண்டுமானால், தையல்காரர்கள் கிராஸ் பீஸ் என்று சொல்லும்படி துணியைக் கோணலாக, ஓரங்களை மடித்த பிறகு அரை அங்குலம் நிற்கும் அளவுக்குப் பட்டைகளாக வெட்ட வேண்டும். வெளி விளிம்பில் சிவப்பு, உள்ளே ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், கருநீலம், கடைசியில் ஊதா. பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். மின்னல் வேண்டும் என்று மூத்த பிள்ளை கேட்டால், மஞ்சள் ஃபெல்டில் வெட்டி முன்பலகத்தின் ஓரத்தில் படியத் தைத்துவிடுங்கள். குச்சியில் செருகிக் கையில் கொடுத்தால் பக்கத்துக் குழந்தையின் கண்ணுக்கு ஆபத்து.

பட்டைகளை இரண்டு அங்குல அகலத்தில் வெள்ளைப் பருத்தித் துணியால் தைத்து, முன்பலகத்தோடு நிலையாக இணைத்து, பின்பலகத்தில் வெல்க்ரோவால் ஒட்டும்படி செய்ய வேண்டும். வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கம் உடம்பை நோக்கியும், சொரசொரப்பான பக்கம் வெளியே பார்த்தும் இருக்கட்டும். மாறிவிட்டால் கழுத்தோரம் சிவந்துவிடும். டிச் பட்டன், ஊக்கு, கழுத்தில் கட்டும் கயிறு ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எங்காவது மாட்டி இழுபட்டால் வெல்க்ரோ தானாகவே விட்டுவிடும், கயிறு இறுகும்.

தலைக்கு ஒன்றும் இல்லாமலிருப்பதே மேல். ஏற்காட்டுக் குழந்தைகள் எப்படியும் குல்லா போட்டுத்தான் வெளியே வருவார்கள் என்பதால், பழகிய குல்லாவின் மேல் சின்ன மேகம் ஒன்றைத் தைத்துக்கொள்ளலாம். முகமூடி கூடவே கூடாது. மின்னலுக்காகச் சீரியல் விளக்கு வைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள்: சிறு விளக்குகள் பலவற்றில் இருக்கும் பொத்தான் மின்கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அது அரித்துவிடும். ஒலி வேண்டுமென்றால் நம் ஊருக்கு உரியது ஒன்று இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் செய்யும் வெள்ளிக் கொலுசு வீட்டில் இருந்தால் காலில் போட்டுவிடுங்கள். ஒவ்வோர் அடிக்கும் தூறல் விழும். கொலுசின் திருகாணியும் மணிகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தீபாவளி இதே பருவத்தில்தான் வருகிறது. 2024ஆம் ஆண்டு இரண்டும் அக்டோபர் 31 என்ற ஒரே நாளில் வந்தன. பஞ்சும் நெட்டும் சாட்டினும் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும் துணிகள். தெருவில் மத்தாப்பு கொளுத்தும் வேளையில் இந்த உடை குழந்தையின் மேல் இருக்கக் கூடாது. அகல் விளக்கு வரிசைக்கு அருகிலும் கூடாது.

விழாவுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே தைத்து முடித்துவிடுங்கள். ஒருமுறை அலசிப் போட வேண்டியிருக்கும், ஐப்பசியில் ஏற்காட்டில் துவைத்த துணி காய மூன்று நாள்கூட ஆகும். கடைசி மூன்று நாட்களில் தினமும் பத்து நிமிடம், சாப்பிட்டு நல்ல மனநிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போட்டுப் பழக்கினால், அன்றைக்குப் புதிதாகத் தோன்றாது. இருசக்கர வண்டியிலோ காரிலோ கூட்டிப்போகும்போது உடையை மாட்டிவிடாமல் துணிப்பையில் எடுத்துச் செல்லுங்கள். பஞ்சு வைத்த பலகத்துக்கு மேல் இருக்கைப் பட்டை சரியாக இறுகாது. சேலத்திலிருந்து மலைக்குப் போகிறவர்கள் என்றால் இன்னொரு காரணமும் உண்டு: இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டுவதற்குள் எந்தக் குழந்தையும் ஒருமுறையாவது வாந்தி எடுத்துவிடலாம், மல் துணியில் பட்ட பால் கறை எளிதில் போகாது.