ஐகன் லைப்ரரி: கணக்கு எப்போது நடக்கிறது என்று தெரியாததால் வரும் தவறுகள்

சி++ மொழியில் அணிகளோடு (மேட்ரிக்ஸ்) மல்லுக்கட்டுகிறவர்களுக்கு ஐகன் நன்றாகத் தெரிந்த பெயர். அணிக் கணக்குகளைச் செய்து தரும் லைப்ரரி இது. ஓப்பன் சோர்ஸ், முழுக்க டெம்ப்ளேட்டுகளால் ஆனது. லிங்க் பண்ணும் வேலையே இல்லை, ஹெட்டர் ஃபைல்களைச் சேர்த்தால் போதும். இயந்திரக் கற்றலுக்கான டென்சர்ஃப்ளோவே உள்ளுக்குள் இதைப் பயன்படுத்துகிறது.

இதன் வேகத்துக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஏ + பி என்று எழுதியதும் ஐகன் கூட்டிவிடுவதில்லை. 'இந்த இரண்டையும் கூட்ட வேண்டும்' என்ற குறிப்பை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறது. அதை ஓர் அணியில் கொண்டுபோய் வைக்கும்போதுதான் கூட்டல் நடக்கிறது. ஏ + பி + சி என்று நீண்டாலும் ஒரே லூப்தான், நடுவில் தற்காலிக அணி கிடையாது. இந்த ஒரு விஷயம் மனதில் பதியாததால்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் ஆட்டோ. மாறியின் டைப்பைக் கம்பைலரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விடுகிற சொல் இது. மற்ற இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற சொல். இங்கே அப்படிப் போடக் கூடாது. 'ஆட்டோ சி = ஏ * பி' என்று எழுதினால் சி ஓர் அணி அல்ல, வெறும் குறிப்பு. லூப்புக்குள் சி * வி (வி ஒரு வெக்டர்) என்று 1000 முறை வந்தால் ஏ, பி இரண்டும் 1000 முறை பெருக்கப்படும். நடுவில் ஏ மாறினால் சி-யின் விடையும் சேர்ந்து மாறும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஒரு ஃபங்ஷன் திருப்பித் தரும் அணியின் மேல் அங்கேயே டிரான்ஸ்போஸ்() (நிரைகளை நிரல்களாக மாற்றுவது) போட்டு, அதை ஆட்டோவில் பிடித்து வைத்திருந்தேன். அந்த வரி முடிந்ததுமே மூல அணி அழிந்துவிட்டது. குறிப்பு மட்டும் காலியான மெமரியைக் காட்டிக்கொண்டு நின்றது. என் கணினியில் விடை சரியாக வந்தது, நண்பர் கணினியில் குப்பை எண்கள். கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அதற்கப்புறம் மேட்ரிக்ஸ்எக்ஸ்டி என்று அணியின் டைப்பை முழுசாக எழுதுகிறேன். ஆட்டோதான் வேண்டும் என்றால் கடைசியில் இவால்() சேர்த்துவிடுங்கள், அது கணக்கை அங்கேயே முடித்து அணியாகத் தந்துவிடும்.

அடுத்தது, 'ஏ = ஏ.டிரான்ஸ்போஸ்()'. முதல் நிரையில் 1, 2. இரண்டாவதில் 3, 4 இருக்கிறது என்று வையுங்கள். ஐகன் வழக்கமாக நிரல் நிரலாக எழுதிக்கொண்டு போகும். 3 இருந்த இடத்தில் முதலில் 2 வந்து உட்காரும். பிறகு 2 இருந்த இடத்தில் 3-ஐ வைக்கப் போனால், 3 ஏற்கெனவே போய்விட்டது. கிடைப்பது 1, 2, 2, 4. டிபக் பில்டில் ஐகனே இதைப் பிடித்து நிறுத்தும். சோதனைகளை அணைக்கும் என்டிபக் போட்ட ரிலீஸில் அந்தச் சோதனை இருக்காது, தப்பான விடை சத்தமில்லாமல் வெளியே போகும். இதற்கென்றே டிரான்ஸ்போஸ்இன்பிளேஸ்() இருக்கிறது.

அணிப் பெருக்கலில் மட்டும் ஐகன் எச்சரிக்கையாக ஒரு தற்காலிக அணியை உருவாக்கிக்கொள்ளும். அது வேண்டாம் என்று சொல்லத்தான் நோஅலையஸ்(). இடப்பக்கம் இருக்கும் அணி வலப்பக்கம் எங்கேயும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போடுங்கள். வேகம் கிடைக்கிறதே என்று எல்லா வரியிலும் ஒட்டி வைத்தால், மேலே பார்த்த அதே சிக்கல் இங்கேயும் வந்து நிற்கும்.

'ஐகன் மெதுவாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால் கம்பைலர் ஆப்டிமைசேஷன் போட்டீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். குட்டிக் குட்டி ஃபங்ஷன்கள் எல்லாம் இன்லைன் ஆனால்தான், அதாவது அழைக்கும் இடத்திலேயே கரைந்துபோனால்தான், இதற்கு வேகம். ஆப்டிமைசேஷனே இல்லாத ஓ0-வில் அளந்துவிட்டுக் குறை சொல்வது நியாயமில்லை. ஓ2 அல்லது ஓ3-இல் அளந்து பாருங்கள்.

சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்க்க நேர்மாறு அணி கண்டுபிடித்துப் பெருக்குவது பள்ளியில் படித்த வழி. 4க்கு 4 வரை பரவாயில்லை. பெரிய அணி என்றால் அணியை எளிய முக்கோண அணிகளாகப் பிரிக்கும் பார்ஷியல்பிவ்எல்யூ() போட்டு சால்வ்(பி) என்று கேளுங்கள், இங்கே பி என்பது சமன்பாடுகளின் வலப்பக்கம். வேலையும் குறையும், துல்லியமும் கூடும். சமச்சீரான, நேர்மறை உறுதி கொண்ட அணி என்றால் எல்எல்டி() இன்னும் வேகம்.

புது அணியை ஐகன் பூஜ்யத்தால் நிரப்பித் தராது என்பதும் நினைவிருக்கட்டும். லூப்பில் += போட்டுக் கூட்டப் போகிறீர்கள் என்றால், அதற்கு முந்தைய வரியில் செட்ஸீரோ() இருக்கிறதா என்று பாருங்கள்.