ஆய்வகத்தில் இருந்துகொண்டே அம்மாவாகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

"மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்." கர்ப்பம் தெரிந்ததும் நம்மில் பலர் எடுக்கும் முடிவு இது. உறவினர்களிடம் அப்படி இருக்கலாம். ஆய்வகத்தில் கூடாது. கருவின் முக்கிய உறுப்புகள் உருவாகத் தொடங்குவது கருவுற்ற 3 முதல் 8 வாரங்களுக்குள்தான். அந்த நாட்களில், கருவுக்குக் கேடு செய்யக்கூடிய ஃபார்மமைடு போன்ற கரைப்பானைக் கையாண்டுகொண்டு வாயை மூடியிருப்பது பெரிய தவறு. எல்லோருக்கும் அறிவிக்கத் தேவையில்லை, பாதுகாப்பு அலுவலரிடம் மட்டும் சொல்லுங்கள். கதிரியக்கப் பொருளோடு வேலை செய்பவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு, மீதிக் காலம் முழுவதிலும் கருவுக்குச் சேரும் கூடுதல் கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட்டைத் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. நீங்கள் சொன்னால்தானே அந்தப் பாதுகாப்பு கிடைக்கும்?

அடுத்தது, வேலையை ஒப்படைக்காமல் விடுப்பில் போவது. உறைபெட்டியில் 'பி3 புதுசு' என்று எழுதிய குழாய் உங்களுக்குப் புரியும். ஆறு மாதம் தூக்கம் கெட்டுத் திரும்பி வந்தால் உங்களுக்கே புரியாது, இன்னொருவருக்கு எப்படிப் புரியும்? எட்டாம் மாதத்துக்குள் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரைபடமும், நீங்கள் வளர்த்துவரும் ஒவ்வொரு செல் வரிசையையும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பட்டியலும் தயாராக இருக்கட்டும். ஆய்வுக் கட்டுரையில் முதல் ஆசிரியராக யார் பெயர் வரும் என்பதையும் போகும் முன்பே பேசி, மின்னஞ்சலில் பதிவு செய்துவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் போய் பெயரை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆராய்ச்சி நிதி கேட்கும் விண்ணப்பத்தில், பிள்ளைப்பேற்றால் வந்த இடைவெளியை மறைக்காதீர்கள். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம், முனைவர் பட்டம் பெற்று இத்தனை ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற வரம்பை, தாய்மார்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் வீதம் நீட்டித்துத் தருகிறது. உங்களுக்குப் பணம் தரும் அமைப்பிலும் இப்படி ஏதாவது விதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதை ஆடம்பரம் என்று நினைப்பதும் தவறுதான். நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் 2004இல் ஜெர்மனியில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். குழந்தை உள்ள இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு வீட்டு உதவிக்கும் குழந்தை பராமரிப்புக்கும் அது பணம் தருகிறது. பாத்திரம் கழுவும் ஒரு மணி நேரம் ஆராய்ச்சிக்குத் திரும்பக் கிடைக்கட்டும் என்பதுதான் கணக்கு.

'சரியான நேரம்' வரட்டும் என்று காத்திருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்படி ஒரு நேரம் வராது. நார்வேயின் மூளை ஆய்வாளர் மே-பிரிட் மோசருக்கு ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோதே இரண்டு மகள்கள் பிறந்தார்கள். 2014இல் கணவரோடு சேர்ந்து நோபல் பரிசையும் பெற்றார்.

கடைசியாக ஒன்று. எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம். வேலையைத் தொடர முடியாமல் போனால் நம் திறமையைச் சந்தேகிக்கிறோம். 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதல் குழந்தை பிறந்த சில ஆண்டுகளில் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளின் முழுநேர வேலையை விட்டு விலகிய பெண்கள் 43 சதவீதம், ஆண்கள் 23 சதவீதம். அத்தனை பேருமா திறமை இல்லாதவர்கள்? இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது யார் எழுந்திருப்பது, காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பது என்று குழந்தையின் அப்பாவோடு இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். முடிந்தால் எழுதியே வைத்துக்கொள்ளுங்கள்.