ஏற்காட்டில் 18 காட்டிய ஆக்ஸிஜன் மீட்டர்

சேலத்தில் ஒழுங்காக ஓடிய எலிகளுக்கான குறை ஆக்ஸிஜன் பெட்டியை (நைட்ரஜன் செலுத்தி உள்ளே ஆக்ஸிஜனைக் குறைக்கும் ஆய்வுப் பெட்டி) ஏற்காட்டுக்குக் கொண்டுபோனோம். எலிகளை விடும் முன் மூடியைத் திறந்து பார்த்தால் மீட்டர் 18 சதவீதம் காட்டுகிறது. வெளிக்காற்றில் 20.9 இருக்க வேண்டும். நைட்ரஜன் கசிகிறதோ என்று இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினேன்; ஒரு குமிழிகூட வரவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. மீட்டரில் உள்ள கால்வனிக் சென்சார் (ஆக்ஸிஜன் பட்டால் வேதிவினையால் மின்னோட்டம் தரும் உணரி) உண்மையில் உணர்வது சதவீதத்தை அல்ல, ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தத்தை, அதாவது காற்றழுத்தத்தில் ஆக்ஸிஜன் மட்டும் தரும் அழுத்தத்தை. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைகிறது, சதவீதம் மாறுவதில்லை. சன்னலோரக் காற்றில் வைத்து 20.9-க்கு மறுபடி அளவு திருத்தினேன், சரியாகிவிட்டது.

ஆனால் மலையில் 10 சதவீதம் வைத்தால் எலிக்குக் கிடைப்பது சேலத்தின் 8.6 போலத்தான். வாயில்லாப் பிராணி, தாங்காது. அதனால் அளவைக் கூட்டி வைத்தேன். குறிப்பேட்டில் தினமும் காற்றழுத்தத்தையும் எழுதுகிறேன்.